புல்தைலம் மணக்கும் சட்டை

திருவனந்தபுரத்தில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரரின் சட்டையில் எப்போதும் புல்தைல வாசனை அடிக்கும். பாவம், மூட்டுவலி போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. தமிழ் எம்.ஏ. முடித்திருந்தேன். மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைத்துவிடலாம் என்ற துணிச்சலில், மலையாளம் கற்க மூன்று மாதம் அங்கே போனேன். அப்பாவுக்குத் தெரிந்த மலையாளிக் குடும்பம் ஒன்று கரமனையில் இடம் கொடுத்தது. வீட்டம்மா எனக்குச் சேச்சி, அவர் சார். கேரளத்தில் பஸ் கண்டக்டரும் சார்தான்.

சார் வீட்டில் அதிகம் பேச மாட்டார். காலையில் பேப்பர், மாலையில் கட்டன்சாயா, இரவில் கஞ்சியும் பயறும். என்ன உத்தியோகம் என்று கேட்டால், "யூனிவர்சிட்டியில்" என்று சேச்சி முடித்துவிடுவார். குமாஸ்தா என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

ஒருநாள் சார் மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தனுப்பினார் சேச்சி. நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் காரியவட்டம். அங்கே கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும். 60,000-க்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே சுவடிகளாக உள்ளன. உள்ளே நுழைந்ததும் அதே வாசனை!

சார் ஒரு சுவடிக் கட்டைப் பிரித்து வைத்திருந்தார். ஓலை ஓலையாக எடுத்து, மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, புல்தைலம் தடவினார். ஓலை முறியாமல் வளைந்துகொடுக்கவும் பூச்சி அண்டாமல் இருக்கவும் இந்தத் தைலம். எழுத்து மங்கியிருந்தால் மேலே விளக்குக்கரியைப் பூசித் துடைப்பார். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மட்டும் கரி தங்கி, எழுத்துகள் எழுந்து வரும். வீட்டில் வாய் திறக்காத மனிதர், அங்கே ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தமிழ் எம்.ஏ. அல்லே? வாயிக்கூ" என்று ஓர் ஓலையை நீட்டினார். வட்டெழுத்து. ப, வ, ய, ன எல்லாம் ஒரே ஜாடை. புள்ளியும் கிடையாது. முதல் சொல்லையே தாண்ட முடியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே படித்தார். சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய் என்று வந்தது. வைத்தியக் குறிப்பு. காதால் கேட்டபோது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. என் மொழியை ஒரு மலையாளி படித்துக்காட்ட வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே பேசினார். திருவிதாங்கூர் அரசு சுவடிகளைப் பதிப்பிக்க 1908-ல் தனித்துறை தொடங்கியதையும், அதன் பொறுப்பில் இருந்த த. கணபதி சாஸ்திரி நம் திருநெல்வேலிச் சீமைத் தருவைக்காரர் என்பதையும் சொன்னார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணலிக்கரையில் ஒரு மடத்தில் கிடைத்த ஓலைக்கட்டில்தான், பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்த பாசனின் சமஸ்கிருத நாடகங்களைச் சாஸ்திரி கண்டெடுத்தார். 1912-ல் அவற்றை அச்சில் கொண்டுவரத் தொடங்கினார். "அன்று யாராவது அந்தக் கட்டை அடுப்பில் போட்டிருந்தால்?" என்று கேட்டுவிட்டு, சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீதி நாட்களில், இரவுக் கஞ்சிக்குப் பிறகு வட்டெழுத்துப் பாடம் நடந்தது. நான் மலையாளத்தைச் சேச்சியிடமும் வட்டெழுத்தைச் சாரிடமும் கற்றேன்.

அந்த நகரத்துக்குப் போகிறவர்கள் பத்மநாபசுவாமி கோயிலோடு திரும்பிவிட வேண்டாம். நடக்கிற தூரத்தில், கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கோயில் நிர்வாகம் பற்றிய மதிலகம் ஆவணங்கள் இந்தக் காப்பகத்தின் பெருஞ்செல்வம். ஓலைகளைச் சுருட்டிக் கட்டிய அந்தச் சுருணைகளில் பழைய மலையாளத்தோடு தமிழும் நிறைய உண்டு.

ஓலைகளைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றிவிடலாம், நல்ல காரியம்தான். ஆனால் படத்தைப் படிக்கவும் ஆள் வேண்டுமே. தமிழ் எம்.ஏ. வகுப்புகளிலிருந்து எத்தனை பேர் அதற்கு வருவார்கள்?

என் வட்டெழுத்து இன்றும் தத்தித் தத்தித்தான் நடக்கிறது. ப-வா வ-வா என்று நிற்கும் இடங்களில், சார் உரக்கச் சொல்லிப் பார்த்ததுபோலவே நானும் சொல்லிப் பார்க்கிறேன்.