எண்ணமும் எண்ணிக்கையும்

"நூற்றுக்கு இத்தனை பேர் இப்படி எண்ணுகிறார்கள்!" என்று ஏடுகள் எழுதுகின்றன. தொலைக்காட்சிகள் முழங்குகின்றன. தேநீர்க் கடைகள் எதிரொலிக்கின்றன. தேர்தல் காலத்தில் மட்டுமன்று, தேர்தல் இல்லாத நாளிலும் கருத்துக் கணிப்புகள் வந்த வண்ணம் உள்ளன. முஸ்லிம்கள் என்ன நினைக்கிறார்கள், கிறித்தவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள், சீக்கியர்களின் சினம் தணிந்ததா என்றெல்லாம் அவை நமக்கு அறிவிக்கின்றன. படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம், படித்ததை மட்டும் மனத்திலே பத்திரப்படுத்திக்கொள்கிறோம்.

எண் என்றதும் தலைவணங்கிப் பழகிவிட்டோம் நாம். சாத்திரம் சொல்கிறது என்றால் "எழுதியவர் யார்?" என்று கேட்கும் பகுத்தறிவாளர்கூட, கணிப்பு சொல்கிறது என்றால் "எண்ணியவர் யார்? எவரைக் கேட்டு எண்ணினார்?" என்று கேட்பதில்லை. நான் கேட்க விரும்புகிறேன். கணிப்பின்மீது எனக்குப் பகை இல்லை. சிறுபான்மையினரைப் பற்றிய கணிப்பு, பல வேளைகளில், அவர்கள் வாயால் மற்றவர் பேசும் பேச்சாகிவிடுகிறதே என்ற கவலைதான் கேட்கத் தூண்டுகிறது.

நிரம்பப் பேரைக் கேட்டால் உண்மை தானே வந்துவிடும் என்பாருண்டு. 1936-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் அப்படித்தான் நம்பியது. ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. "லாண்டன் வெல்வார்" என்று எழுதியது இதழ். வென்றவரோ ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம்! காரணம் என்ன? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெரும்பாலும் பெயர் எடுத்தார்கள். கஞ்சிக்கு வழியற்றவன் வீட்டிலே தொலைபேசி ஏது? அனுப்பிய சீட்டையும் எல்லோருமா நிரப்பித் திருப்பினார்கள்? எத்தனை பேரைக் கேட்டாய் என்பதைவிட, எவரை விட்டாய் என்பதே முதற் கேள்வி என்பதை அந்தத் தோல்வி உலகுக்குக் கற்பித்தது.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 14.2 விழுக்காடு, கிறித்தவர்கள் 2.3, சீக்கியர்கள் 1.7, பௌத்தர்கள் 0.7; சமணர்கள் 0.4. நாடு முழுவதும் 1000 பேரை, ஒரு குறையும் இன்றி, மக்கள்தொகை விகிதப்படியே தேர்ந்தெடுத்துக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலே முஸ்லிம்கள் 142 பேர், கிறித்தவர்கள் 23 பேர், சீக்கியர்கள் 17 பேர், பௌத்தர்கள் 7 பேர், சமணர்கள் நால்வர்!

1000 பேரைக் கேட்டால், கிடைக்கும் விடை மூன்று விழுக்காடு கூடலாம், குறையலாம் என்பது கணித நூலார் கூறும் கணக்கு. 23 பேரை மட்டும் கேட்டாலோ, அந்த ஊசலாட்டம் 20 விழுக்காட்டுக்குப் போய்விடுகிறது. "கிறித்தவர்களில் பாதிப்பேர் இதை ஆதரிக்கிறார்கள்" என்று அச்சாகும் செய்தியின் உண்மைப் பொருள், ஆதரிப்போர் 30 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம் என்பதே. அந்த 23 பேரிலே நாகாலாந்து மலையிலே வாழ்பவர் எத்தனை பேர்? கேரளத்துச் சிரியன் கிறித்தவர் எத்தனை பேர்? குமரிக் கடலிலே வலை வீசுபவர் எத்தனை பேர்? கோவாவிலே குடியிருப்பவர் எத்தனை பேர்? இவர்களெல்லாம் ஒரே மனிதராம். அவருக்கு ஒரே மனமாம். அந்த மனத்துக்கு ஓர் எண்ணாம்!

தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1000 பேரில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 59 பேர், கிறித்தவர்கள் 61 பேர். ஊசலாட்டம் 13 விழுக்காடு. ஒரு தொகுதியின் வெற்றி தோல்வி ஓரிரு விழுக்காட்டிலே முடிவாகும் நாட்டில், இந்த அறுபது பேரை வைத்து ஒரு சமுதாயத்தின் சாய்வைச் சாற்றுவது சரியாகுமா?

குறையை உணர்ந்து பெரிய அளவில் முயன்றோரும் உண்டு. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை, பியூ ஆராய்ச்சி மையம் இந்தியாவிலே 29,999 பேரை, 17 மொழிகளில், நேரில் கண்டு கேட்டது. 3,336 முஸ்லிம்கள், 1,782 சீக்கியர்கள், 1,011 கிறித்தவர்கள், 719 பௌத்தர்கள். பாராட்டத்தக்க உழைப்பு! அந்த உழைப்பிலும் சமணர்கள் 109 பேர்தான். பாதுகாப்பு நிலைமை காரணமாகக் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலே கேள்வித்தாள் கால் வைக்கவில்லை. அங்கு வாழும் முஸ்லிம்களின் குரல் அந்தத் தொகுப்பிலே இல்லை.

அதே ஆய்வு இன்னொரு பாடமும் தருகிறது. கடந்த ஓராண்டில் மதத்தின் பெயரால் தமக்கே பாகுபாடு நேர்ந்தது என்று சொன்ன முஸ்லிம்கள், நாடு முழுமைக்கும் பார்த்தால் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். வட இந்தியாவை மட்டும் பார்த்தால் 40 விழுக்காடு! சராசரி என்னும் போர்வை எத்தனை காயங்களை மூடிவிடுகிறது, பார்த்தீர்களா? ஒரு காலை நெருப்பிலும் மறுகாலைப் பனிக்கட்டியிலும் வைத்தவனைப் பார்த்து, "சராசரியில் சுகமாயிருக்கிறான்" என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டுமா கோளாறு? கேள்வியிலும் உண்டு. 1992-இல் அமெரிக்காவிலே ரோப்பர் நிறுவனம் ஒரு வினாவை எழுப்பியது. நாஜிகள் யூதர்களை அழித்தது நடக்கவே இல்லை என்பது இருக்கக்கூடியதாகத் தோன்றுகிறதா, இருக்க முடியாததாகத் தோன்றுகிறதா என்பது அதன் சாரம். எதிர்மறைக்குள் எதிர்மறை! 22 விழுக்காட்டினர் "இருக்கக்கூடியது" என்றனர். 12 விழுக்காட்டினர் "தெரியாது" என்றனர். 1993-இல் முடிவு வெளிவந்ததும் யூத மக்கள் பதறினர். தம் இனத்தார் இலட்சம் இலட்சமாய் மாண்டதை மூன்றிலொரு பங்கு நாடு ஐயுறுகிறதா என்று நெஞ்சம் நொந்தனர். 1994-இல் அதே நிறுவனம் கேள்வியைத் தெளிவாக்கிக் கேட்டது. "நடக்காதிருக்கலாம்" என்றவர் ஏறத்தாழ ஒரு விழுக்காடு! நாட்டு மக்கள் மாறவில்லை. மாறியது வாக்கியம்.

தவறான கேள்வி தவறான தலைப்போடு சேர்ந்தால் என்ன ஆகும்? 2015 நவம்பரில் பாரிசு நகரிலே பயங்கரவாதம் வெறியாடிய பத்து நாட்களுக்குள், இங்கிலாந்தின் 'சன்' ஏடு முதற்பக்கத்திலே ஒரு செய்தியை முழங்கிற்று. பிரித்தானிய முஸ்லிம்களில் ஐவரில் ஒருவருக்கு ஜிகாதிகளிடம் பரிவாம்! கேட்கப்பட்ட வினாவோ, சிரியாவில் போராளிகளுடன் சேர நாட்டைவிட்டுச் செல்லும் இளம் முஸ்லிம்களிடம் பரிவு உண்டா என்பது. எந்தப் போராளிகள் என்று வினா கூறவில்லை. வழிதவறிய பிள்ளைக்காக வருந்துவதும் பரிவுதான். அவன் செய்யும் கொலையைப் போற்றுவதாகுமா அது? அதே ஆண்டு மார்ச்சில் இதே போன்ற வினாவுக்கு, முஸ்லிமல்லாத மக்களிலும் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் பரிவு உண்டு என்றிருந்தனர். அதற்குத் தலைப்பு ஏது? 2016 மார்ச்சில் இதழியல் கண்காணிப்பு அமைப்பு, அந்தச் செய்தி பெரிதும் திசைதிருப்புவது என்று தீர்ப்பளித்தது. ஆனால் நவம்பரிலே ஏவிய அம்பை மார்ச்சிலே திருப்பி எடுக்க முடியுமோ?

இங்கே என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மளிகைக் கடை வைத்திருப்பவர், முஸ்லிம், முப்பதாண்டுப் பழக்கம். ஒரு மாலை நான் அவர் கடையிலே அமர்ந்திருந்தபோது, கையிலே கருவியுடன் ஓர் இளைஞர் வந்தார். "உங்கள் மதத்தின் காரணமாக உங்களுக்கு ஏதாவது இடையூறு உண்டா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை தம்பி, எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம்" என்றார் நண்பர். இளைஞர் குறித்துக்கொண்டார், பெயரும் கைப்பேசி எண்ணும் வாங்கிக்கொண்டு போனார்.

"ஏன் பாய், உங்கள் மகனுக்கு வேலை பார்க்கும் ஊரிலே வாடகைக்கு வீடு தர மறுத்ததைச் சொல்லவில்லையே?" என்று கேட்டேன்.

"பேரும் நம்பரும் எழுதிக்கொண்டு போகிறவரிடம் அதைச் சொல்வதா அண்ணே? அது யார் கைக்குப் போகுமோ, யார் கண்டது!" என்றார். பிறகு பருப்பை நிறுக்கத் திரும்பிவிட்டார்.

எங்கோ ஓர் அட்டவணையிலே, குறையற்ற முஸ்லிம்களின் வரிசையில் அவரும் ஒருவராக அமர்ந்திருப்பார். பொய் சொல்பவர் அல்லர் அவர். அஞ்சி வாழக் கற்றவர். அச்சத்தை அளக்கும் அளவுகோல் அந்தக் கருவியிலே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சிறுபான்மையினரிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது என்ன? நாட்டுப்பற்று உண்டா? வன்முறையைக் கண்டிக்கிறீர்களா? இவை வினாக்களா, விசாரணைகளா? அடகு வைத்த நகை மீண்டதா, படித்த மகளுக்கு வேலை கிடைத்ததா, வங்கி கடன் கொடுத்ததா என்று பெரும்பான்மையினனைக் கேட்பதுபோல அவனையும் கேட்பவர் எத்தனை பேர்?

அப்படியானால் கணக்கெடுப்பே வேண்டாமா? வேண்டும்! கட்டாயம் வேண்டும். எண்ணாமல் விட்டால் இல்லாதவராகவே ஆக்கிவிடுவார்கள். 2005-இல் அமைக்கப்பட்ட சச்சார் குழு, 2006-இல் அறிக்கை தந்தது. 2001 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 விழுக்காடு, முஸ்லிம்களிடையே 59.1 விழுக்காடு என்று எடுத்துக்காட்டியது. சலுகையிலே திளைக்கிறார்கள் என்று கூவியவர்களுக்கு எதிரே அந்த எண்கள் சான்றாக நின்றன. எண் எளியவனுக்குக் கேடயமாகலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

ஆகவே நான் கேட்பதெல்லாம் நேர்மை. சிறிய சமுதாயமாயின் கூடுதலான பேரைக் கேளுங்கள். அவர்கள் மொழியிலே கேளுங்கள். அவர்கள் நம்பும் ஆளை அனுப்பிக் கேளுங்கள். என்ன கேட்பது என்பதையே முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்களிடம் கேட்டதையே மற்றவரிடமும் கேட்டு, இரண்டையும் அருகருகே அச்சிடுங்கள். எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்பதைத் தலைப்பைப் போலவே பெரிய எழுத்தில் போடுங்கள். போதிய பேர் இல்லையென்றால், "சொல்ல இயலாது" என்று எழுதும் துணிவு கொள்ளுங்கள்.

படிக்கும் நமக்கும் கடமை உண்டு. அடுத்த முறை, "அவர்கள் இப்படித்தான் எண்ணுகிறார்கள்" என்று ஒருவர் ஏட்டை நீட்டினால், எத்தனை பேரைக் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், அஞ்சாமல் சொல்ல விட்டார்களா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அந்த எண்ணை வைத்து எந்த மனிதனையும் எடைபோடாதீர்கள்.