90 கேபி பூமழை

கோவை சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. ஐந்து மேசை, ஒரு ஏசி. செயலிகளுக்கு அசையும் படம் செய்து தருகிறவர்கள். நான் போன மதியம் ஒரு காகிதப்பூ மழை அவர்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பணம் கட்டி முடித்ததும் திரையில் கொட்ட வேண்டிய பூ அது. வரைந்த பெண்ணின் ஐபோனில் ஜோராகக் கொட்டியது. மேசையில் கிடந்த 2 ஜிபி ராம் ஆண்ட்ராய்டில் மூன்றாவது தடவை செயலியே மூடிக்கொண்டது.

"ஃபைல் 90 கேபிதானுங்க!" என்றார் அவர். எனக்கும் அதே குழப்பம்தான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வரைந்ததைப் பாடிமூவின் வழியாக ஜேசன் ஃபைலாக எடுக்கிறார்கள். அதைப் படித்துப் போனில் மறுபடி வரைவது லாட்டி. 2017-இல் ஏர்பிஎன்பி வெளியிட்டது. பெயர், அட்டையை வெட்டி வெட்டி 1926-இல் முழுநீள நிழலுருவப் படமே எடுத்த ஜெர்மன்காரர் லோட்டே ரைனிகர் நினைவாக. வேடிக்கை என்னவென்றால், லாட்டியில் வெட்டும் வேலைக்குத்தான் செலவு அதிகம்.

நிரல் எழுதும் தம்பி மெமரி வரைபடத்தைத் திறந்தார். பூ கொட்டும்போதெல்லாம் மருதமலைப் படி மாதிரி ஏறியது, இறங்கவே இல்லை. ஃபைலைப் பிரித்தால், கோட்டுச் சித்திரங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தது ஒரு பிஎன்ஜி நட்சத்திரம். 2000-க்கு 2000. சுருங்கியிருக்கும்வரை சாது; திரைக்காக விரித்ததும் புள்ளிக்கு 4 பைட் வீதம் 16 எம்பி. அதைக் கோடாகவே வரைந்துகொள்ளலாம், ஐந்து முனைதானே.

அடுத்தது டிக் குறியின் மேல் ஓடும் பளபளப்பு. அதை டிக் வடிவத்துக்கு வெட்டிக் காட்ட 'மேட்' போட்டிருந்தார் வரைந்த பெண். அப்படி வெட்ட, போன் மறைவாகத் தனித் திரை ஒன்றை ஒதுக்கி அதில் வரைந்து பார்க்க வேண்டும். டிக் கட்டைவிரல் நகமளவு. பளபளப்பு அடுக்கோ திரை முழுக்க. 1080-க்கு 2400 என்றால் ஒரு திரைக்கே 10 எம்பி.

"அந்த மினுமினுப்பு போச்சுன்னா அதுல என்னங்க இருக்கு?" அரை மணி நேரம் சண்டை. கடைசியில் மேட் போனது. டிக்கின் நிறத்துக்குள்ளேயே வெளிச்சம் நகரும்படி மாற்றினார்.

மெமரி இறங்காததற்குக் காரணம், மூடிய திரையின் பூவை விடுவிக்காமல் வைத்திருந்தது. "அது என் தப்புங்க," என்று தம்பி இரண்டு வரியில் சரிசெய்தார்.

டெலிகிராம் 2019-இல் அசையும் ஸ்டிக்கர் கொண்டுவந்தபோதே 64 கேபி, 3 விநாடி, படமும், வெட்டிக் காட்டும் மாஸ்க்கும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. எனக்கு அது சரியென்றே படுகிறது. வரைகிற மேசையில் சேர்த்த சுமையை நிரல் எழுதுகிறவர் எவ்வளவுதான் இறக்குவார்? ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுப்பது சேர்த்ததற்குத்தான். எடுத்ததற்கு யாரும் பில் போட்டதில்லை என்றார்கள்.

பழைய போனில் பத்துத் தடவை கொட்டிப் பார்த்தோம், மூடவில்லை. கீழிருந்து டீ வந்தது. அந்தப் பெண் மட்டும் தன் ஐபோனில் பழைய பூவை இன்னொரு முறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.