ஆறுதல் ஏற்க மறுத்தவள்

சென்ற தவக்காலத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் தம்பதியர் தங்கள் ஒரே குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தனர். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பங்குத் தந்தை எங்களை அழைத்து, "நீங்கள் இருவரும் ஒருமுறை அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். எங்களை ஏன் அனுப்புகிறார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. போனோம். நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாய், நாங்கள் விடைபெற எழுந்தபோது, "நீங்கள் எப்படி அக்கா இன்னும் கோவிலுக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டாள். அதில் ஏளனம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எங்களுக்கு விடை வரவில்லை. அவள் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுத முயல்கிறோம். இதைப் படிக்கும் குடும்பங்களில் எத்தனை வீடுகளில் இதே கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறதோ, யார் அறிவார்!

2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை நாங்கள் வேளாங்கண்ணியில் கொண்டாடினோம். அது ஒரு நேர்ச்சை. அதற்கு முந்திய ஆண்டு எங்கள் மகன் மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாகி, மருத்துவர்களே கைவிரித்த நிலையில், "பிழைத்தால் அவன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், தாயே" என்று ஆரோக்கிய அன்னையிடம் மன்றாடியிருந்தோம். அவன் பிழைத்தான். பதினான்கு வயது. ஓராண்டில் நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டதால் வர்த்தியும் நீளமாக வேண்டியதாயிற்று என்று அவனைக் கேலி செய்தோம்.

மறுநாள் ஞாயிறு, டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பின் எண்கிழமைக்குள் வரும் ஞாயிறு ஆகையால் திருக்குடும்ப விழா. அதிகாலைத் திருப்பலியில் அவன் எங்கள் இருவருக்கும் நடுவே நின்றான். அன்றைய நற்செய்தி, திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடிய வரலாறு. வானதூதர் சூசையப்பருக்குக் கனவில் தோன்றி எச்சரிக்கிறார். அவரும் இரவோடிரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். குழந்தை தப்புகிறது.

பூசை முடிந்து சிற்றுண்டி உண்டபின், உறவுப் பையன்கள் இருவரோடு கடலில் குளித்து வருவதாகச் சொல்லிப் போனான். நாங்கள் சிறுமியான மகளுடன் ஆலயத்துக்குத் திரும்பி, வர்த்தியை ஏற்றிவிட்டுச் செபமாலை சொல்ல அமர்ந்தோம்.

அதன்பின் நடந்ததை உலகமே அறியும். அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவருகே கடலடி நிலம் பிளந்து நகர்ந்தது. இரண்டரை மணி நேரத்துக்குப் பின் அதன் அலைகள் நம் கரையை எட்டின. தமிழகத்தில் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் அழுவதற்குக்கூட ஆளின்றிப் போன வீடுகள் உண்டு. உறவுப் பையன்களில் ஒருவன் ஒரு கம்பத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தான். மற்றவன் உடல் அன்று மாலை கிடைத்தது. எங்கள் மகன் கிடைக்கவில்லை. மூன்று நாள்கள் தேடினோம். அந்த மூன்று நாள்களைப் பற்றி எழுதமாட்டோம்.

ஊர் திரும்பினோம். ஆறுதல் சொல்ல உற்றாரும் ஊராரும் வந்தார்கள். எல்லாரும் அன்பினாலேயே வந்தார்கள் என்பதை இன்று அறிவோம். ஆயினும் அவர்கள் சொன்னவை! "தோட்டத்திலே நல்ல மலரைத்தான் ஆண்டவர் முதலில் பறிப்பார்" என்றார் ஒருவர். "மாதாவின் காலடியில் போனான், பாக்கியசாலி" என்றார் மற்றொருவர். அலை ஆலயத்தின் வாயில்வரை வந்து நின்றதாகவும், உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை எனவும் வியந்து, "மாதா தம் பிள்ளைகளைக் காத்துக்கொண்டாள், பார்த்தீர்களா!" என்றார் வேறொருவர். உள்ளே இருந்தவர்கள் நாங்கள். வெளியே இருந்தவன் அவன். அவன் மட்டும் மாதாவின் பிள்ளை இல்லையா? இப்படிக் கேட்டுவிடாதிருக்க நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். இதையும் சொல்லிவிடுவது நேர்மை: அதற்கு முன் எத்தனையோ சாவு வீடுகளில் அதே மலர்க் கதையை நாங்களும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

சூசையப்பரின் கனவு எங்களை விடாமல் துன்புறுத்தியது. அவருக்கு எச்சரிக்கை கிடைத்தது. எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இரண்டரை மணி நேரம் இருந்ததே! (நம் நாட்டின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் அமைந்தது 2007-இல்தான்.) அதே விடியற்காலையில் அந்த நற்செய்தியைக் கேட்டுவிட்டுத்தானே மகனைக் கடலுக்கு அனுப்பினோம்! லாசர் இறந்தபோது, ஆண்டவர் உடன் இல்லாமற்போனதால்தான் தன் சகோதரன் செத்தான் என்று மார்த்தா முறையிட்டாள். எங்கள் முறைப்பாடு அதைவிடக் கடுமையானது. ஆண்டவரே, நீர் அங்கேதான் இருந்தீர்.

ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனோம். பழக்கம் கால்களை இழுத்துச் சென்றது என்பதே உண்மை. பரலோக மந்திரத்தில் மூன்றாம் மன்றாட்டு வரும்போது எங்கள் வாய் அடைத்துவிடும். முதல் இரண்டையும் சொல்வோம். ஆண்டவருடைய சித்தத்தைப் பற்றிய அந்த மன்றாட்டை மட்டும் எங்களால் சொல்ல இயலவில்லை. கோவில் முழுவதும் சொல்லிக்கொண்டு போகும். அன்றாட உணவுக்கான மன்றாட்டில் மீண்டும் சேர்ந்துகொள்வோம். ஒருவர் நிறுத்துவது மற்றவருக்குத் தெரியாது என்றே இருவரும் எண்ணியிருந்தோம். ஒருநாள் இருவர் குரலும் ஒரே இடத்தில் நிற்பது இருவருக்கும் கேட்டுவிட்டது.

இது பாவமோ என்ற அச்சத்தில் அப்போதிருந்த பங்குத் தந்தையிடம் சென்றோம். முதியவர், அதிகம் பேசாதவர். முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சீலோவாம் கோபுரத்தைப் பற்றிச் சொன்னார். அது இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை ஆண்டவரே மறுத்தார். பிறகு லிஸ்பன் நகரைப் பற்றிச் சொன்னார். 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று காலை, மக்கள் கோவில்களில் நிறைந்திருந்த வேளையில் அங்கே நிலம் நடுங்கியது. கோவில்கள் அவர்கள்மீதே இடிந்து விழுந்தன. பின்பு கடலும் பொங்கி வந்தது. "அங்கே உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள். இங்கே வெளியே இருந்தவர்கள் செத்தார்கள். சுவருக்கு எந்தப் பக்கம் நின்றோம் என்பதை வைத்து ஆண்டவரின் அன்பை அளக்காதீர்கள்" என்றார்.

மூன்றாம் மன்றாட்டைப் பற்றிக் கேட்டோம். "கெத்சமனியில் ஆண்டவர் முதலில் எதைக் கேட்டார்? கிண்ணம் அகல வேண்டும் என்றுதானே! அதைக் கேட்டு, வியர்த்து, அதற்குப் பிறகே மற்றதற்கு வந்தார். நீங்கள் இன்னும் முதல் பாதியில் இருக்கிறீர்கள். அங்கேயே இருங்கள். மற்றதை இப்போதைக்குப் பங்கு மக்கள் உங்களுக்காகச் சொல்லட்டும்" என்றார். எழுந்து வரும்போது, "சொல்லாத இடத்தில் வாயைத் திறந்து வையுங்கள், போதும்" என்றும் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்கு ஐயம்தான்.

இன்னொன்றையும் அவரே காட்டினார். அன்று நாங்கள் கேட்ட நற்செய்தியில் இடையில் மூன்று வசனங்கள் விடுபட்டிருந்தன. திருக்குடும்ப விழாவன்று மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் 13 முதல் 15 வரையும், 19 முதல் 23 வரையும் வாசிக்கிறோம். விடுபட்டவை 16, 17, 18. பெத்லகேமில் ஏரோது கொன்ற குழந்தைகளின் வரலாறு அது. திருச்சபை அதை மறைத்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, மாசில்லாக் குழந்தைகளின் திருநாளில் வாசிக்கிறது. கடற்கரையில் நாங்கள் தேடி அலைந்த மூன்றாம் நாள், உலகெங்கும் எல்லாப் பீடங்களிலும் வாசிக்கப்பட்டது அதுவே.

பெத்லகேமில் எச்சரிக்கை பெற்ற தந்தை ஒருவரே. மற்ற வீடுகளில் எந்தத் தந்தைக்கும் கனவு வரவில்லை. நாங்கள் எங்களைச் சூசையப்பரோடு ஒப்பிட்டுப் பொருமிக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு அந்த மற்ற வீடுகளின் வரிசையில் இருந்தது. அவ்வீடுகளுக்காக நற்செய்தியாளர் என்ன விளக்கம் சொல்கிறார்? ஒன்றும் சொல்லவில்லை. மலர்க் கதை இல்லை. எரேமியாவின் ஏட்டிலிருந்து இராக்கேலை அழைத்து வந்து நிறுத்துகிறார். பிள்ளைகளை இழந்த அந்தத் தாய் அழுகிறாள். எவர் தேற்றினும் ஆறுதல் பெற மறுக்கிறாள். அவ்வளவுதான். அவளைக் கண்டிக்க ஒரு வானதூதர் வரவில்லை. விசுவாசம் குறைந்தவள் என்று எவரும் அவளைச் சொல்லவில்லை. குடிலும் விண்மீனும் கலையாத அந்த எட்டு நாள்களுக்குள்ளேயே, அழுகை ஓயாத ஒரு பெண்ணுக்குத் திருச்சபை இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த இடத்தில்தான் நாங்கள் அமர்ந்தோம். கோவிலை விட்டு வெளியேறாமல் ஆறுதலை மறுக்கலாம் என்று அதுவரை எங்களுக்கு எவரும் சொன்னதில்லை.

சங்கீதங்களில் 88-ஆவதும் (பழைய எண்ணிக்கையில் 87) அத்தகையதே. துன்பத்தில் தொடங்கும் ஏனைய சங்கீதங்கள் பெரும்பாலும் நன்றியிலோ நம்பிக்கையிலோ முடியும். இது இருளிலேயே முடிகிறது. குருக்களும் கன்னியரும் வெள்ளிக்கிழமைதோறும் படுக்குமுன் சொல்லும் இரவுச் செபத்தில் இது இருக்கிறது. வெள்ளி இரவுகளில் எங்களுக்கு உறக்கம் வராதபோது இதை நினைத்துக்கொள்வோம்.

வீட்டில் குடும்பச் செபமாலை நின்றுபோயிருந்தது. ஐந்து பத்துமணிகளில் முதலாவதைப் பாட்டி சொல்வார். அடுத்த இரண்டும் எங்களுடையவை. நான்காவது மகனுடையது, ஐந்தாவது மகளுடையது. நாங்கள் நிறுத்திய பின்னரும் பாட்டி மட்டும் திண்ணையில் அமர்ந்து தனியே ஐந்தையும் சத்தமாகச் சொல்லி வந்தார். எங்களை ஒருநாளும் வற்புறுத்தி அழைத்ததில்லை. நான்காவது பத்துமணி வரும்போது மட்டும், எவரோ தொடங்கக் காத்திருப்பவர்போல் சற்று நிறுத்துவார். உள்ளே படுத்திருக்கும் எங்களுக்கு அந்த மௌனம் கேட்கும். ஆறேழு மாதங்கள் இப்படிச் சென்றன. ஓர் இரவு அந்த மௌனத்தில் எங்கள் மகளின் குரல் எழுந்தது. அண்ணனுடைய பத்துமணியை அவளே தொடங்கிவிட்டாள். நாங்கள் எழுந்து சென்று திண்ணையில் அமர்ந்தோம். அதைச் சாதனை என்று சொல்லமாட்டோம். படுத்திருக்க முடியவில்லை, அவ்வளவே.

கல்லறைத் திருநாள்தான் கடினமாக இருந்தது. நவம்பர் 2 நெருங்கினால் ஊரார் யாவரும் தத்தம் கல்லறையைச் செப்பனிட்டுச் சுண்ணாம்பு அடிப்பார்கள். எங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஓரிடம் இல்லை. முதல் ஆண்டு கையில் மாலையும் வர்த்தியுமாக வாயிலிலேயே நின்றுவிட்டோம். சுவாமியார் கல்லறை கல்லறையாகச் சென்று தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட உபதேசியார் ஓடிவந்து, தோட்டத்தின் நடுவிலுள்ள பெரிய சிலுவையடிக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே முன்னமே இரண்டு மூன்று வர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. சிங்கப்பூரில் இறந்த கணவருக்கென்று ஒருவர் வைத்தது ஒன்று. போரில் போன தம்பிக்கென்று ஒரு முதியவர் வைத்தது ஒன்று. அவ்வளவு காலமாக அந்தச் சிலுவையைக் கடந்து சென்றும், அங்கே வர்த்தி வைப்பவர்கள் யாரென்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. சுவாமியார் அங்கும் வந்து நின்று மகனின் பெயரைக் கேட்டார். உரக்கச் சொன்னோம்.

மூன்றாம் மன்றாட்டு எப்போது திரும்பியது என்று எங்களுக்கு நாள் தெரியாது. ஒரு ஞாயிறு, சொல்லி முடித்த பின்புதான் சொல்லிவிட்டதை உணர்ந்தோம். அடுத்த ஞாயிறு மீண்டும் அடைத்தது. இப்போதும் சில நாள்களில், சிறப்பாக டிசம்பர் கடைசியில், எங்களில் ஒருவர் குரல் அங்கே நின்றுவிடும். மற்றவர் சற்று உரக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

2015-ஆம் ஆண்டு, மகளின் திருமணத்துக்கு முன், மீண்டும் வேளாங்கண்ணிக்குப் போனோம். எங்களால் முடியுமா என்று அஞ்சியவர்கள் நாங்கள். போக வேண்டும் என்று கேட்டவள் அவள். ஆழிப்பேரலையில் மாண்டோருக்கான நினைவிடத்தில் சற்று நேரம் நின்றோம். ஆலயத்தினுள் அவள் ஏற்றிய வர்த்தி எவ்வளவு உயரம் என்று நாங்கள் கேட்கவில்லை. திருப்பலி கண்டோம். நன்மை வாங்கினோம். வெளியே வந்தபோது கடற்காற்று முகத்தில் அடித்தது. கடைத்தெருவின் கோடிவரை நடந்தோம். அதற்கு அப்பால் மணல் தொடங்குகிறது. அங்கே நின்றுவிட்டோம். மகள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "அடுத்த முறை போகலாம், அம்மா" என்றாள்.

அடுத்த முறை இன்னும் வரவில்லை. வருகிற மாதம் அந்த இளம் தம்பதியரின் வீட்டுக்கு மறுபடியும் போக இருக்கிறோம். பேச ஒன்றும் எடுத்துச் செல்லவில்லை. செபமாலை மட்டும் கையில் இருக்கும். அவள் கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் உட்கார்ந்திருப்போம்.