அப்பாருவும் கோட்டக்கல் வாரியரும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். எங்க அப்பாரு நாட்டு வைத்தியர். எழுதப் படிக்கத் தெரியாது. தீக்காயத்துக்கு அவர் காய்ச்சும் தைலத்துக்காக ஏழெட்டு ஊர்க்காரங்க வருவாங்க. "வெளிய சொன்னா மருந்து பலிக்காது" என்று யாருக்கும் சொல்லித் தரவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது காலமானார். தைலமும் அவரோடு போய்விட்டது.

போன கோடை லீவில் அம்மாவின் மூட்டு வலிக்காகக் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லுக்குப் போனோம். அங்கே ஆரிய வைத்தியசாலையில் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் அதைத் தொடங்கிய பி.எஸ். வாரியரின் கதையைச் சொன்னார். ஊர் திரும்பி நூலகத்தில் மீதியைப் படித்தேன்.

1869ல் பிறந்தவர். குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் என்ற குருவிடம் ஆயுர்வேதம் கற்றார். பிறகு கண் நோய்க்காக மஞ்சேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கிருந்த டாக்டர் வர்கீஸிடமே ஆங்கில வைத்தியமும் கற்றுக்கொண்டார். நம் வித்தைதான் பெரிசு என்று இருந்துவிடவில்லை பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்தக் காலத்தில் வைத்தியர் மருந்துச் சரக்கை எழுதித் தருவார். வேர், பட்டை தேடி, இடித்து, காய்ச்சுவதெல்லாம் நோயாளி வீட்டு வேலை. ஒரு வேர் மாறிப்போனால்? 1902ல் வைத்தியசாலை தொடங்கிய வாரியர், மருந்தைத் தாமே மொத்தமாகத் தயாரித்து விற்றார். கஷாயம் சீக்கிரம் கெட்டுப்போகும். அதைக் கெடாமல் புட்டியில் வைப்பது சின்ன வேலை இல்லை. இன்று கஷாயம் மாத்திரையாகவே வருகிறது. நம் லேபில் பாய்லரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

1903ல் 'தன்வந்தரி' என்ற வைத்தியப் பத்திரிகை. 1917ல் கோழிக்கோட்டில் ஆயுர்வேத பாடசாலை. அது 1924ல் கோட்டக்கல்லுக்கே வந்தது. தர்ம ஆஸ்பத்திரியும் நடத்தினார். 1944ல் காலமாகுமுன், வைத்தியசாலை குடும்பச் சொத்தாகாமல் டிரஸ்டாக நடக்கும்படி உயில் எழுதிவிட்டார். லாபத்தில் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் பங்கு உண்டு. அந்தக் குடும்பத்து பி.கே. வாரியர் 2021ல் நூறு வயதில் இறக்கும்வரை அதைக் கவனித்துக்கொண்டார்.

படித்ததும் முதலில் அப்பாரு மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். எழுதத் தெரியாதவர் எதை எழுதி வைப்பார்? வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அவர் அடுப்படியில் தைலம் கிண்டும்போது, நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

போன மாசம் ஆத்தாவிடம் கேட்டேன். "தேங்காயெண்ணெ, குங்கிலியம்... அப்புறம் ஓடக்கரையில ஒரு தழை பொறிப்பாரு கண்ணு. பேரு தெரியாது. பார்த்தாச் சொல்லிருவேன்" என்றார்கள். ஆத்தாவுக்கு இப்போது கண் மங்கல். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் எழுதி, மூன்றாவதைக் காலியாக விட்டிருக்கிறேன். செமஸ்டர் லீவில் ஓடைக்கரைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகப் போகிறேன். தெரியாவிட்டாலும் கசக்கி மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்களாம்.