ஸான்ஸிபாரில் மணி என்ன?

தார்-எஸ்-ஸலாம் துறைமுகத்தில் கப்பலேறினால் இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் ஸான்ஸிபார் தீவு வந்துவிடும். பவழப் பாறைக் கல்லால் கட்டிய மாளிகைகளும், சித்திர வேலைப்பாடு மிகுந்த கதவுகளும், இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகளும் நிறைந்த பழைய பட்டணம் அது. அங்கே போகுமுன் சுவாஹிலி பாஷையில் பத்து எண்களைக் கற்றுக்கொண்டேன். அந்தக் கல்வியே என் காலை வாரிவிட்டது.

திங்கட்கிழமை மாலை கடற்கரையில் வயது முதிர்ந்த படகோட்டி ஒருவரைச் சந்தித்தேன். ராட்சத ஆமைகள் வசிக்கும் சாங்கூ தீவுக்கு மறுநாள் அழைத்துப் போவதாக அவர் ஒப்புக்கொண்டார். எத்தனை மணிக்கு என்று சைகையால் கேட்டேன். "ஸா தாத்து" என்றார். 'ஸா' என்றால் மணி; 'தாத்து' என்றால் மூன்று. மொழிபெயர்ப்பாளர் உதவியின்றி விஷயத்தை முடித்த பெருமையோடு விடுதிக்குத் திரும்பினேன். மறுநாள் பகல் போஜனமும் சிறு தூக்கமும் முடித்து, மூன்று மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கிழவர் படகருகே உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபமில்லை, ஆனால் சிரிப்பும் இல்லை. என்னை விடுதியில் சேர்த்திருந்த குஜராத்தி அன்பர் தற்செயலாக அவ்வழியே வந்தார். இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டு அவர் ஹிந்தியில் சொன்ன சங்கதி என்னைத் தலைகுனிய வைத்தது. கிழவர் காலை ஒன்பது மணியிலிருந்து அங்கே காத்திருக்கிறார்! வேறு இரண்டு கோஷ்டியார் வந்து அழைத்தும், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஒருநாள் கூலி என் அரைகுறைப் பாண்டித்தியத்தால் போயிற்று.

சுவாஹிலி பேசுகிறவர்களுக்கு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. சூரியன் உதித்து ஒரு மணி கழிந்தால் அது 'ஸா மோஜா', அதாவது முதல் மணி. நமக்கு அது காலை ஏழு. நம் ஒன்பது அவர்களுக்கு மூன்று. நம் பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. அந்தி சாய்ந்ததும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆறு பாகையில் இருக்கும் தீவு ஆகையால், வருஷம் முழுவதும் உதயம் ஆறு மணிக்கும் ஆறரைக்கும் ஏறக்குறைய நடந்துவிடுகிறது. லண்டனில் டிசம்பர் மாதம் எட்டு மணிக்கும் ஜூன் மாதம் ஐந்துக்கு முன்னாலும் சூரியன் எழுகிறான். அங்கே இப்படிக் கணக்கிட்டால் பள்ளிப் பிள்ளைகள் கதி என்ன ஆகும்!

இதில் வேடிக்கை, கடிகாரம் என்னவோ நம்முடையதைப் போன்றதே. மணி முள் ஒன்பதில் நிற்கும்போது அதற்கு நேர் எதிரே உள்ள மூன்றைச் சொல்லிவிடுகிறார்கள். யந்திரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 'ஸா' என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. கணக்கு மாத்திரம் அவர்களுடையதாகவே நிற்கிறது.

நம்மிடம் இருந்ததும் உதயக் கணக்குதான். நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிஷம். ஜாதகத்தில் இன்றும் உதயாதி நாழிகை எழுதுகிறோம். "நாழியாகிவிட்டது" என்று அவசரப்படுத்தும் பாட்டிமார் உண்டு. ஆனால் எத்தனை நாழிகை ஆயிற்று என்று கேட்டால் பாட்டியும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள். நம்மிடம் சொல் தங்கிற்று, கணக்கு போயிற்று. அவர்களிடம் சொல் வந்தது, கணக்கு தங்கிற்று.

கடற்கரையில் 'அதிசய மாளிகை' என்ற அரண்மனை இருக்கிறது. 1883இல் சுல்தான் பர்காஷ் கட்டியது. 2020 டிசம்பர் 25இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 1896 ஆகஸ்டில் சுல்தான் ஹமாத் காலமானதும் அவர் உறவினர் காலித் அரண்மனையைக் கைப்பற்றினார். 27ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குள் வெளியேறாவிட்டால் சுடுவோம் என்று ஆங்கிலேயர் கெடு விதித்தனர். அந்தக் கெடுவும் இந்த ஊர்ப் பேச்சில் 'ஸா தாத்து'தான்! இரண்டு நிமிஷம் கழித்துப் பீரங்கிகள் முழங்கின. சரித்திரத்திலேயே மிகக் குறுகிய யுத்தம் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. நம் கணக்கில் அது இரண்டு நாழிகை கூட இல்லை. அதற்குள் தீவின் தரப்பில் சுமார் 500 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். அவ்வளவு குண்டு போட்டவர்களாலும் இந்த ஜனங்களின் வாயிலிருந்து 'ஒன்பது மணி' என்பதை வரவழைக்க முடியவில்லை.

கென்யாவில் பிறந்த பேரறிஞர் ஜான் ம்பிட்டி 1969இல் வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்கரின் பழைய எண்ணத்தில் நீண்ட இறந்தகாலம் உண்டு, எதிர்காலம் அநேகமாய் இல்லை என்று வாதித்தார். தம் தாய்மொழியின் வினைச்சொற்களைச் சான்றாகக் காட்டினார். இந்த வாதத்தை மறுத்தவர்கள் பலர். எனக்கும் இது ஒப்பவில்லை. சுவாஹிலியில் நாளைக்கு 'கேஷோ', நாளை மறுநாளுக்கு 'கேஷோ குட்வா', அதற்கடுத்த நாளுக்கு 'ம்தோண்டோ', அதற்கும் அடுத்ததற்கு 'ம்தோண்டோகோ' என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. நாமோ நாளை மறுநாளோடு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறோம். இவர்களுக்கா எதிர்காலம் இல்லை?

நிற்க. கிழவருக்கு அன்றைய கூலியை நீட்டினேன். படகு ஓடவில்லையே என்று வாங்க மறுத்துவிட்டார். பிறகு எப்போது வரட்டும் என்றேன். "ஜுமாதானோ" என்றார். 'தானோ' என்றால் ஐந்து. ஐந்து நாள் காக்க வேண்டுமோ என்று திகைத்தேன். குஜராத்தி அன்பர் சிரித்தார். அங்கே சனிக்கிழமை முதல் நாள். ஆகவே ஐந்தாம் நாள் புதன், அதாவது மறுநாளே. அதற்கடுத்த வியாழனுக்கு 'அல்ஹமிஸி' என்று பெயர். அதுவும் அரபியில் ஐந்தாவது என்றே பொருள்படும். வாரத்தில் இரண்டு ஐந்தாம் நாட்களை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு குழப்பமும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

புதன்கிழமை சூரியோதயத்திலேயே எழுந்துவிட்டேன். எட்டரை மணிக்குக் கடற்கரை சேர்ந்தபோது கிழவர் பாயை விரித்துக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்குச் சொல்லும் 'ஷிகாமூ' என்ற வணக்கத்தைச் சொல்லிக் கைக்கடிகாரத்தை அவர் முன் நீட்டினேன். குனிந்து சற்று நேரம் பார்த்தார். முள் ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறத்தில் இருந்த மூன்றை விரலால் தொட்டுக்காட்டினார். அப்புறம் இருவருமாகப் படகைத் தண்ணீரில் தள்ளினோம்.