மகன் வாங்கிய செரோ

வயலுக்குப் போகும் சேற்றுப் பாதைக்கு உதவும் என்று சொல்லி, பந்தயம் ஓடிய யமஹா செரோ ஒன்றை மகன் விலை பேசி வந்தான். 1985இல் ஜப்பானில் வெளிவந்த இனம். தெருவுக்கென்றே செய்யப்பட்டதுதான், ஆனால் பந்தயக்காரர்கள் விளக்கு, ஹோர்ன், கண்ணாடி எல்லாம் கழற்றி, உரித்த ஆடு போல் நிறுத்தியிருந்தார்கள்.

"நல்ல மலிவு உம்மா" என்றான்.

"அது இருக்கட்டும், புத்தகம் யார் பெயரில் மகன்?" என்று கேட்டேன்.

விற்பவர் நீட்டியது, வேறொருவர் கையொப்பமிட்ட திறந்த பத்திரம். பதிவுக்காரர் நேரில் வராமல் ஒரு சதமும் இல்லை என்று நின்றேன். மகன் இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த மனிதர் வந்தார். ஹேண்டில் கழுத்தில் அடித்திருந்த செசி இலக்கம் புத்தகத்தோடு சரி. எஞ்சின் இலக்கம் வேறு! மாற்றிய எஞ்சினைப் பதியாமலே ஓடியிருக்கிறார்கள். அதைப் பதிந்து தந்த பிறகே காசு கொடுத்தோம்.

சகோதரிகளே, பந்தயத்துக்கென்றே இறக்கிய, பதிவே இல்லாத வண்டியென்றால் எத்தனை விளக்குப் பூட்டியும் தெருவில் ஓட்ட முடியாது. எங்களுடையதற்குப் புத்தகம் இருந்ததால் வேலை இலேசாயிற்று. முன் பின் விளக்கு, சிக்னல், ஹோர்ன், கண்ணாடி, இலக்கத் தகடு பூட்டி, இரைச்சல் சைலன்சரை மாற்றினான். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கைக்கு வந்த பின் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தான்.

தலைக்கவசம் இரண்டு வாங்கினேன். பின்னால் இருப்பது பெரும்பாலும் நான்தான். இருக்கை அத்தனை உயரம். வாசற்படியில் நின்றுதான் ஏறுகிறேன்.