காய் இறக்கின தோப்பும் இறக்காத தோப்பும்

நவம்பர் 11, 2018, ஞாயிறு

தீபாவளி முறுக்கு இன்னும் டப்பாவில் கிடக்கிறது, அதற்குள் புயல். நேற்றுவரை தாழ்வு மண்டலம் என்றார்கள். இன்று கஜா என்று பெயர் வைத்தாகிவிட்டது, இலங்கை கொடுத்த பெயராம். கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவில் 15ஆம் தேதி கரையைக் கடக்கும் என்று டிவியில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். வேதாரண்யத்துக்கு அது வெகு வடக்கு. ஆகவே தெருவில் எல்லாரும் சென்னைக்காக வருத்தப்படுகிறார்கள். வர்தா புயலில் விழுந்த மரங்களையே அவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்களே என்று கடைக்காரர் உச்சுக்கொட்டினார்.

அத்தைக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. "நாளைக்கு நவம்பர் 12. 77ல இதே தேதிதான்" என்றார். நாகப்பட்டினத்தில் அந்தப் புயல் அடித்த கதையைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். இம்முறை கதை சொல்லவில்லை. பரணிலிருந்து தேங்காய்நார்க் கயிற்றை இறக்கச் சொன்னார்.

நவம்பர் 12, திங்கள்

சிக்கலில் இன்று சிங்காரவேலர் வேல் வாங்குகிறார். தங்கை குடும்பம் வண்டி பிடித்துப் போயிருக்கிறது. நான் போக முடியவில்லை. பள்ளிக்கூடத்தை முகாமுக்குத் தயாராக வைக்கச் சொல்லித் தகவல் வந்துவிட்டது. சத்துணவு அமைப்பாளருக்குப் புயல் என்றால் முதலில் அரிசி இருப்பு, அப்புறம்தான் காற்று. மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி பெஞ்சின் மேல் அடுக்கினோம். பருப்பு, எண்ணெய் எல்லாம் மேல் அலமாரிக்குப் போயின. கழிப்பறை வரைக்கும் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்பதையே எல்லாரும் திரும்பத் திரும்பப் பேசினோம்.

நவம்பர் 13, செவ்வாய்

சூரசம்ஹாரம். விரதம் முடித்தேன்.

புயல் திசை மாறிவிட்டது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில் என்கிறார்கள். அந்த இடைவெளியில் நாங்கள் நட்ட நடுவில் இருக்கிறோம்.

நவம்பர் 14, புதன்

குழந்தைகள் தினம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, நேரு மாமா பற்றி ஒருத்தி மனப்பாடமாகப் பேசி முடித்ததும், நாளை விடுமுறை என்று தலைமையாசிரியர் அறிவித்தார். இதுவரை புயலுக்கு இவ்வளவு பெரிய கைதட்டல் எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

மத்தியானம் கொழுந்தனார் வந்தார். அவருக்கு 2 ஏக்கர் தென்னை, 140 மரம். விவசாயத் துறையிலிருந்து, முற்றின காயை இறக்குங்கள், பழுத்த மட்டையைக் கழியுங்கள், தலைப்பாரம் குறைந்தால் மரம் தாங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் மரம் ஏறுகிறவர் ஊருக்கு இரண்டு பேர். அத்தனை தோப்புக்காரரும் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கூலி நேற்றைக்கு இன்று இரட்டிப்பு. முற்றாத குலையை வெட்டினால் வியாபாரி எடுக்க மாட்டார். வெட்டிவிட்டு, புயல் வேறு பக்கம் போய்விட்டால்?

"ஞாயித்துக்கிழமை ஸ்ரீஹரிகோட்டான்னாங்க. இன்னைக்கி இங்கங்கிறாங்க. நாளைக்கி பாம்பன்னா நான் என்னா பண்ணுவேன், சொல்லுங்க அண்ணி" என்றார்.

என்ன சொல்வது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பைபர் படகை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுத்துக் கட்டினார்கள், இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்கள், வலையை மூட்டை கட்டினார்கள். புயல் வராவிட்டால் மறுபடியும் இழுத்துத் தண்ணீரில் விடலாம். நஷ்டம் நாலு நாள் தொழில். தோப்புக்காரர் வெட்டின குலையைத் திரும்ப மரத்தில் ஒட்டவைக்க முடியாது. வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்காகக் கையிலிருப்பதை இன்றே இழக்கச் சொல்கிறோம். அதனால்தான் நம் ஊரில் எச்சரிக்கையை எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள், பாதிப் பேர் பாதி வேலைதான் செய்கிறார்கள். இதை அலட்சியம் என்று பேப்பரில் எழுதுகிறவர்கள் ஒரு தோப்பு வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் அவரும் பாதிதான் செய்தார். ரோட்டுப் பக்கத்து மரங்களில் மட்டும் ஆள் ஏற்றிக் காய் இறக்கினார். உள்பக்கம் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 15, வியாழன்

காலை 6 மணிக்கே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப் போனார்கள். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள், குடிசையில் இருப்பவர்கள் முகாமுக்கு வரவும். இன்று மாலை, இல்லை இரவு, நாகப்பட்டினத்தை ஒட்டிக் கடக்கும்.

வானத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு இலை அசையவில்லை. புழுக்கம்.

நாகை துறைமுகத்தில் கூண்டு ஏறிக்கொண்டே போகிறதாம். எண் 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான் என்று வாத்தியார் ஒருவர் விளக்கினார். 8 என்றால் புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகும், 9 என்றால் வலப்பக்கம், 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ வெகு பக்கத்திலோ கடக்கும். கேட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், "நமக்கு எந்தப் பக்கம் விட்டாலும் அடிதான்" என்று பீடியைப் பற்றவைத்தார்.

ஊராட்சிக்காரர்கள் மேல்நிலைத் தொட்டியை நிரம்ப ஏற்றிவைத்தார்கள். கரண்ட் போனால் குடிதண்ணீருக்கு அதுதான் கதி. அதோடு, காலித் தொட்டியைவிட நிறைந்த தொட்டி காற்றுக்கு நிற்கும். வீடுவீடாகக் குடம், அண்டா, கான்கிரீட் தொட்டி எல்லாம் நிரம்பின. கீற்று வீடுகளின் மேல் கிழிந்த வலையைப் போட்டு இழுத்து, நாலு பக்கமும் முளை அடித்துக் கட்டினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மணல் மூட்டை. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை என்று எது எதையோ பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் முகாமுக்கு வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் வரவில்லை. ஆடு இருக்கிறதாம், இன்ஜின் இருக்கிறதாம்.

சமையலரும் உதவியாளரும் நானும் காலையிலேயே முடிவெடுத்தோம், வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு வேளைக்கும் சமைத்துவிடுவது என்று. குழந்தைக்கு 100 கிராம் அரிசிக் கணக்கு பெரியவர்களுக்கு உதவாது. அதுவும் பயந்தவர்கள் நிறையச் சாப்பிடுவார்கள். ராத்திரிக்குச் சோறும் சாம்பாரும். மறுநாளைக்குப் புளிச்சோறு. நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, சோற்றை ஆறவிட்டுக் கிளறினால் இரண்டு நாள் கெடாது. அன்னக்கூடையில் கொட்டி, வாழை இலை போட்டு மூடி, அதன்மேல் வெள்ளைத் துணி கட்டினோம். இந்த ஒரு வேலையில் எனக்குத் திருப்தி.

மாலையில் வடமேற்கிலிருந்து காற்று எடுத்தது. அத்தையையும் மாமாவையும் அழைத்துவந்து ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்தேன். கிளம்பும்போது அத்தை மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். "கட்டிப்போட்டா கொட்டாயோட செத்துப்போவும். அதுக்குப் போக்கிடம் தெரியும்."

மணி 8. கரண்ட் இல்லை. எமர்ஜென்சி லைட்டில் எழுதுகிறேன். இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது.

நவம்பர் 16, வெள்ளி

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

ராத்திரி 11 மணிக்கு மேல் காற்று வேறு மாதிரி ஆனது. ரயில் ஒன்று கூரைக்கு மேல் நிற்காமல் ஓடுகிற மாதிரிச் சத்தம். கதவுக்குப் பெஞ்சை முட்டுக் கொடுத்து, அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்தார்கள். கதவு அவர்களோடு சேர்ந்து நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி தெறித்ததும் பிள்ளைகளைச் சுவர் ஓரமாகப் படுக்கவைத்துப் பாயால் மூடினோம். அழுகைகூடக் காதில் விழவில்லை, வாய் திறந்திருப்பதுதான் தெரிந்தது.

பிறகு ஒரேயடியாக நின்றது. நட்சத்திரம்கூடத் தெரிந்தது என்று ஒருவர் சொன்னார். உடனே நாலைந்து பேர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துவரக் கிளம்பிவிட்டார்கள். அத்தை கதவை மறித்து நின்றார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஒருத்தனும் வெளியே போவக்கூடாது! முடியலடா இன்னும்! திரும்பி வரும்டா!" புயலின் கண் என்று நாங்கள் பாடப் புத்தகத்தில் படித்ததை அவர் 77இல் நேரில் பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் இருக்கும். அதன்பின் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து, தென்கிழக்கிலிருந்து அடித்தது. முதல் காற்றைவிட இதுதான் மோசம். முதலில் ஒரு பக்கம் வளைந்து வேர் ஆட்டம் கண்ட மரங்களை இது மறுபக்கம் இழுத்துச் சாய்த்தது.

விடிந்து கதவைத் திறந்தால் ஊரைக் காணோம். மரங்கள் மறைத்திருந்த வீடுகள் எல்லாம் திடீரென்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இவ்வளவு வானத்தை எங்கள் தெருவில் நான் பார்த்ததே இல்லை. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே நள்ளிரவு 12.30இலிருந்து 2.30க்குள் கடந்ததாம், 120 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 140. பாட்டரி ரேடியோ வைத்திருக்கும் வீடு ஒன்றிலிருந்து வந்த சேதி இது. செல்போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை.

முகாமில் இருந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புளிச்சோறு காலை 7 மணிக்குப் பரிமாறினோம்.

நவம்பர் 17, சனி

கார்த்திகை முதல் தேதி. மாலை போட வேண்டியவர்கள் அரிவாளும் ரம்பமுமாக ரோட்டில் நிற்கிறார்கள். ஊர்க்காரர்களே மரத்தை அறுத்து, ஒரு பைக் போகிற அளவுக்கு வழி செய்திருக்கிறார்கள். மின்கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை. தண்ணீருக்காகப் பல இடங்களில் மறியலாம். இங்கே மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் தீர்ந்தது. தெருவில் டீசல் மோட்டார் வைத்திருப்பவர்தான் இன்று ராஜா. குடத்துக்கு இவ்வளவு என்று வாங்காமல் விட்டாரே, அந்த மட்டும் நல்ல ராஜா.

புஷ்பவனம் பக்கம் கடல் சேற்றை வாரிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். கீற்று வேய்ந்து மூடிவைத்திருந்த உப்புக் குவியல்கள் அகஸ்தியன்பள்ளியில் கரைந்துபோயின. கோடியக்கரைக் காட்டில் மான்களும் குதிரைகளும் செத்துக் கிடக்கின்றனவாம்.

எங்கள் மாடு மத்தியானம் தானாக வந்தது. கொம்பில் யார் வீட்டுச் சேலையோ சுற்றியிருந்தது.

நவம்பர் 18, ஞாயிறு

கொழுந்தனாரின் தோப்புக்குப் போனேன். காய் இறக்கின மரங்களும் விழுந்திருக்கின்றன, இறக்காதவையும் விழுந்திருக்கின்றன. எண்ணிப் பார்க்க அவருக்கு மனம் இல்லை, என்னை எண்ணச் சொன்னார். நிற்பவை 11. அதிலும் நாலுக்குக் கொண்டை இல்லை. பெரும்பாலானவை வேரோடு, மணலைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்திருந்தன. எங்கள் மணல் தரையில் தென்னை வேர் ஆழம் போவதில்லை. தலைப்பாரத்தைக் குறைத்து என்ன பயன், காலுக்கடியில் பிடிப்பு இல்லாதபோது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கட்டிய மதில், மேடை, பயிற்சி, எல்லாம் தண்ணீருக்கு. 2008 நிஷா புயலும் வெள்ளம்தான். நான் மூட்டைகளை பெஞ்சின் மேல் ஏற்றினதும் அந்தப் பழக்கத்தில்தான். இது காற்றுப் புயல். ஆட்களைக் காப்பாற்றும் வித்தை நமக்குக் கைவந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக முகாமுக்கு நடந்துபோக முடியாத பிழைப்புக்கு மட்டும் இன்னும் யாரிடமும் வழி இல்லை. காய் இறக்கு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

நவம்பர் 20, செவ்வாய்

அரசு நிவாரணம் அறிவித்திருக்கிறது. தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் கணக்கில் 1,92,500. கொழுந்தனார் கணக்குப் போட்டார். நெட்டை ரகம் வைத்தால் காய்ப்புக்கு வர 6, 7 வருஷம். அவருக்கு இப்போது வயது 54. வெட்டி அகற்றுகிற ரம்ப ஆள் கேட்கும் கூலி 500இல் அடங்காது, அதையும் சொன்னார். ஆனாலும் மனுவில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்.

நவம்பர் 25, ஞாயிறு

வெளி மாவட்டத்திலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து மெயின் ரோட்டில் கம்பம் நடுகிறார்கள், கேரளத்திலிருந்துகூட வந்திருக்கிறார்களாம். நம் தெருவுக்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு ஒருவர் சிரித்தார். வயலுக்குள் இடுப்பளவுச் சேற்றில் ஏழெட்டுப் பேர் ஒரு கம்பத்தைத் தோளில் சுமந்துபோவதைப் பார்த்தபின் நானும் கேட்பதை விட்டேன். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலிருந்துதான் போகிறது. இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று தெரியவில்லை, தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று வீட்டில் சண்டை. கொழுந்தனார் குட்டை ரகம் வைக்கிறாராம், மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும், உயரம் குறைவு, காற்று பிடிக்காது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. குட்டைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும், ஆயுசும் கம்மி, நெட்டைதான் நம் மண்ணுக்கு. "நீ நட்டுட்டுப் போ, உன் பேரன் திங்கட்டும்" என்றார். கொழுந்தனாருக்குக் கோபம் வந்து, தென்னையே வேண்டாம், மல்லி போடுகிறேன் என்று எழுந்து போனார். அத்தை தலையிடவில்லை. விழுந்த மரத்துக் குருத்தை வெட்டிக் கொண்டுவந்து எல்லாருக்கும் நறுக்கிக் கொடுத்தார். ஒரு மரத்துக்கு ஒரு குருத்துதான் இருக்கும், அதை வெட்டினால் மரம் போய்விடும். அதனால் எப்போதோ ஒருமுறைதான் கிடைக்கும். இந்த வாரம் ஊர் முழுக்க அதுதான் பலகாரம்.